எத்தனை பவுண்டு போடணும்? பேட்மின்டன் ராக்கெட் ஸ்ட்ரிங் டென்ஷன்: முழுமையான வழிகாட்டி

ஸ்ட்ரிங் போட ராக்கெட்டை நீட்டியதும் கடையில் கேட்கிற முதல் கேள்வி, “எத்தனை பவுண்டு?” ஸ்ட்ரிங்கை எவ்வளவு விசையில் இழுத்துக் கட்டுவது என்பதுதான் அந்த எண், அதாவது டென்ஷன். பதில் தெரியாதவர், தன்னோடு விளையாடும் நண்பரின் எண்ணைச் சொல்லிவிடுவார். இல்லையென்றால், “நல்லா டைட்டா போடுங்க” என்பார். இரண்டுமே காசையும் தோள்பட்டையையும் சேர்த்துக் கெடுக்கிற வழி. கிளப்புகளில் வாரம் இரண்டு மூன்று நாள் ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் தங்களுக்குத் தேவையானதை விட 2 முதல் 4 பவுண்டு கூடுதலாகப் போட்டுக்கொண்டு, “ஷாட் பின்னாடி போக மாட்டேங்குது” என்று புது ராக்கெட் தேடுகிறார்கள். ராக்கெட்டை மாற்றுவதற்கு முன் டென்ஷனைச் சரி பார்க்க வேண்டும். அதை எந்த வரிசையில் செய்வது என்பதுதான் இங்கே.

டென்ஷன் எதை மாற்றுகிறது

ஷட்டில் படும்போது ஸ்ட்ரிங் பரப்பு உள்வாங்கி, உடனே நிமிர்ந்து அதைத் தள்ளிவிடுகிறது. டென்ஷன் குறைவாக இருந்தால் அதிகம் உள்வாங்கும், வாங்கிய விசையில் பெரும்பகுதியைத் திருப்பியும் கொடுக்கும். அதனால் மெதுவாக வீசினாலும் ஷட்டில் ஆழமாகப் போகும். ஆனால் ஷட்டில் ஸ்ட்ரிங்கோடு இருக்கும் நேரம் ஒரு துளி நீள்வதால், அதற்குள் ராக்கெட் முகம் கொஞ்சம் திரும்பினாலும் ஷட்டில் கோடு விலகும்.

டென்ஷன் ஏறினால் உள்வாங்குவது குறைகிறது. ஷட்டில் பட்டதும் கிளம்பிவிடும், நீங்கள் காட்டிய திசையிலேயே போகும். ஆனால் ஸ்ட்ரிங் தருகிற உதவி குறைந்துவிடுவதால், தூரத்துக்கான விசை முழுவதையும் உங்கள் கையே தர வேண்டும். மணிக்கட்டையும் முன்கையையும் சுழற்றி வேகமாக வீசத் தெரிந்தவருக்கு இது லாபம். தோளால் தள்ளி அடிப்பவருக்கு நட்டம்.

“பவர் வேணும், டைட்டா போடுங்க” என்பது ஆகவே தப்புக் கணக்கு. டைட்டாகப் போட்டால் சத்தம்தான் கூடும். அந்த ‘டப்’ என்ற ஓசை ஸ்மாஷ் வேகமாகப் போனது போல அடித்தவருக்குத் தோன்ற வைக்கும். எதிரே நிற்பவர் அதை நிதானமாக எடுத்துப் போடுவார்.

இன்னொன்று, ஸ்வீட் ஸ்பாட், அதாவது ஸ்ட்ரிங் பரப்பின் நடுவில் ஷட்டில் நன்றாகப் பட்டுக் கிளம்பும் இடம். குறைந்த டென்ஷனில் நடுவிலிருந்து சற்று விலகிப் பட்டாலும் ஷட்டில் ஓரளவு போய்ச் சேரும். 27, 28 பவுண்டில் நடுவை விட்டு விலகினால் மரப்பலகையில் பட்ட மாதிரி செத்து விழும். பத்து முறை அடித்தால் நாலு முறை நடுவை விட்டு விலகிப் படுகிறது என்றால், எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் உயர்ந்த டென்ஷன் உங்களுக்கானது இல்லை.

விளையாட்டு விதிகளில் டென்ஷனுக்கு எல்லை கிடையாது. ஃபிரேமின் மொத்த நீளம் 680 மி.மீ.க்கும், ஸ்ட்ரிங் பரப்பு 280 மி.மீ. நீளம், 220 மி.மீ. அகலத்துக்கும் மேல் போகக் கூடாது, பரப்பு தட்டையாக இருக்க வேண்டும் என்ற அளவில் விதி நின்றுவிடுகிறது. எல்லையைப் போடுவது ராக்கெட் கம்பெனியும் உங்கள் கையும்தான்.

படி 1: கூம்பில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள்

கைப்பிடி முடிந்து ஷாஃப்ட் (மெல்லிய தண்டு) தொடங்கும் கூம்பில் சிறிய எழுத்தில் மூன்று விஷயம் இருக்கும்: எடை, கைப்பிடி அளவு, டென்ஷன். எடை ‘4யூ’ என்றால் 80 முதல் 84.9 கிராம், ‘3யூ’ என்றால் 85 முதல் 89.9 கிராம், ‘5யூ’ என்றால் 75 முதல் 79.9 கிராம். டென்ஷன் ‘20–28’ என்பது போல இரு எண்ணாக இருக்கும். சில கம்பெனிகள் மேல் எல்லையை மட்டும் போடும். ஒரே மாடலில் கூட எடைக்குத் தகுந்து எல்லை மாறும். யோனெக்ஸ் ஆஸ்ட்ராக்ஸ் 99 ப்ரோவின் 4யூ ராக்கெட்டில் 20–28, 3யூவில் 21–29. அதனால் நண்பரிடம் அதே மாடல் இருக்கிறது என்பதை நம்பி அவர் எண்ணைச் சொல்ல வேண்டாம்.

மேல் எல்லையை மதிக்க வேண்டிய காரணத்தைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். பேட்மின்டன் ராக்கெட்டில் நெடுக்கு ஸ்ட்ரிங் 22. ஒவ்வொன்றையும் 24 பவுண்டில் இழுத்தால் மொத்தம் 528 பவுண்டு, கிட்டத்தட்ட 240 கிலோ. அவ்வளவு விசை, 80 சொச்சம் கிராம் எடையுள்ள ஒரு பொருளின் மேலும் கீழும் உட்கார்ந்து அழுத்துகிறது. குறுக்கு ஸ்ட்ரிங் வந்து சேரும் வரை ஃபிரேமைத் தாங்குவது மெஷினின் பிடிகள் மட்டும்தான். எல்லையைத் தாண்டிப் போட்டு ஃபிரேம் உடைந்தால் வாரண்டி கிடையாது, கடைக்காரரும் பொறுப்பேற்க மாட்டார். இது நியாயமும்கூட.

ஜோடியாக விற்கிற அலுமினிய ஃபிரேம் ராக்கெட்டுகளுக்கு 20 பவுண்டுக்கு மேல் யோசிக்கவே வேண்டாம். ஃபிரேம் முதலில் கோணும். பழைய கிராஃபைட் ராக்கெட், ஏற்கெனவே தரையில் இடித்து பெயின்ட் பெயர்ந்த ராக்கெட் என்றால் அச்சிட்ட மேல் எல்லையிலிருந்து 2, 3 பவுண்டு கீழேயே நில்லுங்கள். பெயின்ட் கீறலை நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் மாட்டி நிற்கிற ஆழம் இருந்தால் விரிசலாக இருக்க வாய்ப்புண்டு. ஸ்ட்ரிங் போடக் கொடுக்கும்போதே கடைக்காரரிடம் அதைக் காட்டிவிடுங்கள்.

படி 2: தொடங்கும் எண்ணை முடிவு செய்யுங்கள்

கீழே உள்ளவை தொடக்கப் புள்ளிகள் மட்டுமே. இதிலிருந்து நகர்வது எப்படி என்பது படி 6-இல் வருகிறது.

பத்து, பன்னிரண்டு வயதுக் குழந்தைகள்: 17–20
புதிதாக ஆடத் தொடங்கியவர்கள், வாரக் கடைசியில் மட்டும் ஆடுபவர்கள்: 20–22
வாரம் இரண்டு மூன்று நாள், ரேலி நிற்காமல் ஆடுபவர்கள்: 22–24
கோச்சிடம் கற்று, பின்கோட்டிலிருந்து பின்கோட்டுக்கு அலுங்காமல் கிளியர் (உயரமாகவும் ஆழமாகவும் போகும் ஷாட்) அடிப்பவர்கள்: 24–26
மாவட்ட, மாநிலப் போட்டிகளில் ஆடுபவர்கள்: 26–28

சர்வதேச ஆட்டக்காரர்கள் 28-க்கு மேல், 30-ஐத் தாண்டியும் போடுவார்கள். அவர்களுக்கு ஒரு பையில் ஆறேழு ராக்கெட் இருக்கும், ஸ்ட்ரிங் அறுந்தால் போட்டி நடக்கிற அரங்கிலேயே போட்டுக் கொடுக்க ஆள் இருப்பார். அந்த எண்ணை மட்டும் கடன் வாங்கி வந்து பயனில்லை.

இரண்டு விஷயம் இந்த எண்ணைக் கீழே இழுக்கும். ஒன்று, ஷட்டில். நைலான் ஷட்டிலில் ஆடுபவர்கள் மேலே சொன்னதிலிருந்து 1 அல்லது 2 பவுண்டு குறைத்துக்கொள்ளலாம். நைலான் ஷட்டில் இறகு ஷட்டிலை விடக் கல்லாகப் படும், டைட்டான ஸ்ட்ரிங்கில் அந்த அதிர்ச்சி நேராக முழங்கைக்கு வரும். இன்னொன்று, கை. முழங்கையிலோ தோளிலோ ஏற்கெனவே வலி இருந்தால் 2 பவுண்டு குறையுங்கள். வலி போன பிறகும் பழைய எண்ணுக்குத் திரும்ப அவசரம் வேண்டாம்.

சந்தேகம் வந்தால் இரண்டு எண்ணில் சின்னதைச் சொல்லுங்கள்.

படி 3: ஸ்ட்ரிங்கைத் தேர்ந்தெடுங்கள், பிறகு மாற்றாதீர்கள்

24 பவுண்டு என்பது எல்லா ஸ்ட்ரிங்கிலும் ஒரே மாதிரி இருக்காது. தடிமனான ஸ்ட்ரிங் மெத்தென்று இருக்கும், நாள்பட வரும். மெல்லிய ஸ்ட்ரிங் துள்ளலாக, ஓசையாக இருக்கும், சீக்கிரம் அறும். யோனெக்ஸ் பிஜி 65-இன் தடிமன் 0.70 மி.மீ. நம் ஊர்க் கடைகளில் அதிகம் ஓடுவது இதுதான், தொடங்குபவருக்கு இதுவே போதும். பிஜி 80 என்பது 0.68 மி.மீ. அதே பவுண்டில் பிஜி 65-ஐ விட முறுக்காக உணர வைக்கும். பிஜி 66 அல்டிமேக்ஸ் 0.65, எக்ஸ்போல்ட் 63 என்பது 0.63. ஏரோபைட்டில் நெடுக்கு 0.67, குறுக்கு 0.61 என்று இரண்டு விதமான ஸ்ட்ரிங்.

மி.மீ. கணக்கில் வித்தியாசம் அற்பமாகத் தெரியும். ஆனால் வெட்டுமுகப் பரப்பைப் பார்த்தால், 0.70-லிருந்து 0.63-க்கு வரும்போது ஸ்ட்ரிங்கில் உள்ள சரக்கு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. ஓரத்தில் ஒரு தவறான அடி பட்டால் போதும், அறுந்துவிடும்.

சரியான டென்ஷனைத் தேடிக்கொண்டிருக்கும் காலம் முழுவதும் ஒரே ஸ்ட்ரிங்கைப் போடுங்கள். போன முறை பிஜி 65-இல் 23, இந்த முறை பிஜி 80-இல் 25 என்று இரண்டையும் ஒருசேர மாற்றினால், ஆட்டம் மாறியதற்குக் காரணம் ஸ்ட்ரிங்கா டென்ஷனா என்று யாராலும் சொல்ல முடியாது. எங்கள் சிபாரிசு: முதல் மூன்று தடவையும் 0.68 முதல் 0.70 மி.மீ.க்குள் ஏதாவது ஒன்று.

பாக்கெட்டில் வருவது 10 மீட்டர், ஒரு ராக்கெட்டுக்கு உரியது. கடைகளில் 200 மீட்டர் ரீலிலிருந்தும் வெட்டிப் போடுவார்கள், அதில் தவறில்லை. எந்த ரீல் என்று கண்ணால் பார்த்துவிடுங்கள், அது போதும்.

படி 4: யார் போடுகிறார், எந்த மெஷினில் போடுகிறார்

பலரும் தாண்டிப் போய்விடும் படி இது. எண்ணைப் பற்றி ஒரு மணி நேரம் விவாதிப்பார்கள், மெஷினைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

மெஷின் மூன்று விதம். கையால் சுற்றும் கிராங்க் மெஷின், சொன்ன டென்ஷன் வந்ததும் பூட்டிக்கொள்ளும். அதன் பிறகு கிளாம்ப் (இழுத்த ஸ்ட்ரிங்கைப் பிடித்து நிறுத்தும் கவ்வி) போடுவதற்குள் ஸ்ட்ரிங் கொஞ்சம் நீண்டு தளர்ந்துவிடும், மெஷின் அதை ஈடுகட்டாது. எடைக்கட்டி தொங்கும் மெஷின் தொடர்ந்து இழுத்துக்கொண்டே இருக்கும், வேகம்தான் குறைவு. எலக்ட்ரானிக் மெஷின் ஸ்ட்ரிங் நீள நீள மேலும் இழுத்து டென்ஷனைப் பிடித்து வைக்கும். ஆகவே கிராங்க் மெஷினில் போட்ட 24-ம் எலக்ட்ரானிக்கில் போட்ட 24-ம் ஒன்றாக இருக்காது, 1 அல்லது 2 பவுண்டு வித்தியாசம் வருவது சாதாரணம். கிராங்கில் 26 ஆடிப் பழகியவர் எலக்ட்ரானிக் உள்ள கடைக்கு மாறினால் 24-இல் தொடங்குவது நல்லது.

மெஷினே இல்லாமல் ஊசியும் கையுமாக இழுத்துக் கட்டுகிற கடைகளும் இருக்கின்றன. அனுபவமுள்ள கை ஓரளவு சீராகப் போடும். ஆனால் அங்கே ‘24’ என்று சொல்வதற்கு அர்த்தமில்லை. நல்ல ராக்கெட்டை அங்கே கொடுக்க வேண்டாம்.

கடையில் கவனிக்க வேண்டியவை: ஃபிரேமைச் சுற்றி ஆறு இடத்தில் பிடிக்கிற மெஷினா, மேலும் கீழும் இரண்டே இடத்தில் பிடிக்கிறதா? 24-க்கு மேல் போடுவதென்றால் ஆறு பிடி வேண்டும். டென்ஷன் அளக்கும் தராசை வைத்து மெஷினை அவ்வப்போது சரி பார்க்கிறாரா? நெடுக்கு ஸ்ட்ரிங்கை நடுவில் தொடங்கி இரு பக்கமும் மாறி மாறிப் போடுகிறாரா? ஒரே பக்கமாக ஏழெட்டு இழுத்துவிட்டு மறு பக்கம் வருபவரிடம் ராக்கெட்டைக் கொடுக்காதீர்கள். ஃபிரேம் ஒரு பக்கமாகத் திருகிக்கொள்ளும்.

நல்லவர் ஒருவர் கிடைத்துவிட்டால் அவரை விடாதீர்கள். அவர் மெஷின் 1 பவுண்டு குறைவாகவே இழுத்தாலும் பரவாயில்லை. எப்போதும் அதே 1 பவுண்டு குறைகிறது என்றால் நீங்கள் அதற்கு ஏற்ப எண்ணை நகர்த்திக்கொள்ளலாம். கடைக்குக் கடை மாறினால் எந்த எண்ணையும் நம்ப முடியாது.

படி 5: கடையில் சொல்ல வேண்டியதும், வாங்கும்போது பார்க்க வேண்டியதும்

“பிஜி 65, நெடுக்கு 22, குறுக்கு 24, கிராமெட் பார்த்து மாத்திடுங்க” என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். மெஷின் கிலோவில் காட்டினால் 20 பவுண்டு 9.1 கிலோ, 22 பவுண்டு 10.0, 24 பவுண்டு 10.9, 26 பவுண்டு 11.8, 28 பவுண்டு 12.7.

குறுக்கு ஏன் 2 பவுண்டு கூட? குறுக்கு ஸ்ட்ரிங் நெடுக்குகளின் மேலும் கீழுமாகப் பின்னிப் போவதால் உராய்வில் டென்ஷன் கொஞ்சம் தேய்ந்துவிடும். அதோடு, நெடுக்கு போட்டு முடித்ததும் ஃபிரேம் மேலும் கீழும் அமுங்கி, பக்கவாட்டில் விரிந்திருக்கும். குறுக்கு இழுத்தால்தான் பழைய வடிவத்துக்கு வரும். 1 முதல் 2 பவுண்டு கூடுதல் போதும். இரண்டையும் ஒரே எண்ணில் போடச் சொல்பவர்களும் உண்டு, 22-க்குக் கீழே அதனால் பெரிய கெடுதல் இல்லை. குறுக்கை நெடுக்கை விடக் குறைத்துப் போடுவது மட்டும் கூடாது. மேல் எல்லை 28 உள்ள ராக்கெட்டில் 27, 29 என்று கேட்டால் குறுக்கு எல்லையைத் தாண்டிவிடுகிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கிராமெட் என்பது ஸ்ட்ரிங் நுழையும் துளையில் உள்ள சின்ன பிளாஸ்டிக் குழாய். விலை அற்பம். ஆனால் அது பிளந்து, ஸ்ட்ரிங் நேரடியாக கிராஃபைட் விளிம்பில் உரசினால் கத்தியில் வைத்த மாதிரி அறும். ஒவ்வொரு முறையும் பிளந்தவற்றை மாற்றச் சொல்லுங்கள்.

ராக்கெட் கைக்கு வந்ததும் இரண்டு நிமிடம் அங்கேயே நின்று பாருங்கள். விளக்கை நோக்கிப் பிடித்தால் ஒன்று மாற்றி ஒன்று மேலும் கீழும் போகிறதா, எங்காவது பின்னல் விட்டிருக்கிறதா என்று தெரியும். இரு ஓரத்திலும் உள்ள கடைசி நெடுக்கை விரலால் தட்டுங்கள். மற்றவற்றை விட மந்தமாக ஒலித்தால் முடிச்சு போடும்போது நழுவியிருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் முடிச்சு விழும் ஸ்ட்ரிங்கை மட்டும் 2 பவுண்டு ஏற்றி இழுப்பது இதற்காகத்தான். பிறகு வடிவம். அதே மாடலில் இன்னொரு ராக்கெட் இருந்தால் முகத்தோடு முகம் வைத்து ஒட்டிப் பாருங்கள். தலைப்பக்கம் ஒன்று மற்றதை விட நீண்டோ தட்டையாகவோ துருத்திக்கொண்டு நின்றால், நெடுக்கும் குறுக்கும் சமன் இல்லை. அப்படியே ஆடினால் அந்த ஃபிரேம் நீண்ட நாள் தாங்காது.

எண்ணை எழுதி வையுங்கள்: தேதி, ஸ்ட்ரிங், நெடுக்கு, குறுக்கு, கடை. கூம்பில் சின்ன ஸ்டிக்கராக ஒட்டினால் தொலையாது.

படி 6: கோர்ட்டில் சோதித்து, 1 பவுண்டாக நகருங்கள்

புது ஸ்ட்ரிங்கை முதல் நாளே எடை போடாதீர்கள். ஸ்ட்ரிங் நைலான் இழைகளால் ஆனது. இழுத்துக் கட்டிய பிறகும் மெல்ல நீளும், முதல் ஓரிரு நாளில் மட்டும் 1, 2 பவுண்டு இறங்கிவிடும். பிறகு இறக்கம் மெதுவாகும். இரண்டு அமர்வு ஆடிவிட்டு மூன்றாவதில் சோதியுங்கள்.

முதலில் ஷட்டில் சரியா என்று பாருங்கள். பின்கோட்டில் நின்று கீழிருந்து மேலாக முழு வீச்சில் அடித்தால், எதிர்ப் பின்கோட்டுக்கு 530 முதல் 990 மி.மீ. முன்னால் விழ வேண்டும் என்பது விதி. இரட்டையர் நீண்ட சர்வீஸ் கோடு பின்கோட்டிலிருந்து 760 மி.மீ. உள்ளே இருக்கிறது. ஆக, அந்தக் கோட்டை ஒட்டி விழுந்தால் ஷட்டில் வேகம் சரி. சென்னையின் மே மாத வெக்கையில் காற்று லேசாகி, வழக்கமான ஷட்டிலே வெளியே பறக்கும். அதற்கு டென்ஷனை ஏற்றக் கூடாது, மெதுவான ஷட்டில் வாங்க வேண்டும்.

இனி சோதனை. உடல் சூடான பிறகு, பின்கோட்டிலிருந்து தலைக்கு மேல் பத்து கிளியர். முழு பலத்தோடு இல்லை, மூன்றாவது கேமின் கடைசியில் எவ்வளவு பலம் மிச்சமிருக்குமோ அவ்வளவு பலத்தில்.

ஏழு அல்லது அதற்கு மேல் எதிர்ப்பக்க நீண்ட சர்வீஸ் கோட்டுக்கும் பின்கோட்டுக்கும் நடுவில் விழுந்தால் டென்ஷன் சரியாக இருக்கிறது. விருப்பமிருந்தால் அடுத்த முறை 1 பவுண்டு ஏற்றிப் பார்க்கலாம்.

நான்குக்கு மேல் பின்கோட்டைத் தாண்டி வெளியே போனால், லிஃப்ட்களும் (கீழிருந்து உயரத் தூக்கி அடிப்பவை) வெளியே போகின்றனவா என்று பாருங்கள். இரண்டிலும் அப்படியென்றால் 1 பவுண்டு ஏற்றுங்கள்.

பாதிக்கு மேல் குறுகி, கோர்ட்டின் நடுப்பகுதியில் விழுந்தால் 2 பவுண்டு குறையுங்கள். ஏற்றுவது ஒவ்வொன்றாக, இறக்குவது இரண்டாக. காரணம், உயர்ந்த டென்ஷனில் போராடுபவர் தெரியாமலே வீச்சைக் கெடுத்துக்கொண்டிருப்பார். தோளை இழுத்து, உடம்பை வளைத்து அடிப்பது பழக்கமாகிவிடும். அதிலிருந்து சீக்கிரம் வெளியே வர வேண்டும்.

அடுத்து டிரைவும் நெட் ஷாட்டும். வலை உயரத்தில் வேகமாக மாற்றி மாற்றி அடிக்கும்போது ஷட்டில் நீங்கள் நினைத்ததை விட மேலே எழும்பிக்கொண்டே இருந்தால் ஸ்ட்ரிங் தளர்வு. நெட் அருகே தொட்டு விடும்போது துள்ளி உயர்ந்தால் அதுவும் தளர்வாக இருக்கலாம், ஆனால் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாலும் அதே பிழை வரும். பிடியைத் தளர்த்தி இன்னொரு பத்து அடித்துவிட்டு முடிவு செய்யுங்கள். பேக்ஹேண்ட் கிளியரை மட்டும் வைத்து எண்ணைத் தீர்மானிக்காதீர்கள், அது முழுக்க முழுக்க உத்தி சம்பந்தப்பட்டது.

இரட்டையரில் முன்பக்கம் நின்று டிரைவ், இடைமறிப்பு என்று ஆடுபவருக்கு 1 பவுண்டு கூடுதல் பிடிக்கும், பின்னால் நின்று தொடர்ந்து ஸ்மாஷ் அடிப்பவருக்கு 1 பவுண்டு குறைத்தால் இரண்டாவது கேமிலும் கை நிற்கும். இது ருசியைப் பொறுத்தது.

மூன்று நான்கு முறை ஸ்ட்ரிங் போடுவதற்குள் உங்கள் எண் ஒரு இடத்தில் நின்றுவிடும். நின்ற பிறகு அதைக் கிளறாதீர்கள்.

அறுந்த இடம் சொல்லும் சேதி

ஸ்ட்ரிங் அறுந்ததும் குப்பையில் போடுவதற்கு முன் எங்கே அறுந்தது என்று பாருங்கள்.

நடுவில், இரண்டு ஸ்ட்ரிங் உரசும் இடத்தில் நார் நாராகப் பிரிந்து அறுந்திருந்தால் அது இயல்பான தேய்மானம், மாற்ற ஒன்றுமில்லை. தலைப்பக்க ஓரத்தில், ஃபிரேமிலிருந்து இரண்டு விரல் தூரத்துக்குள் அறுந்தால் அது தவறான அடி. ஷட்டிலைத் தாமதமாக எட்டிப் பிடிக்கிறீர்கள். இரண்டு முறை தொடர்ந்து அங்கேயே அறுந்தால் டென்ஷனை 1 அல்லது 2 குறையுங்கள், 0.65-ஐ விட மெல்லிய ஸ்ட்ரிங்கை விட்டுவிடுங்கள். கிராமெட் வாயிலேயே சுத்தமாக வெட்டியது போல அறுந்தால் கிராமெட் பிளந்திருக்கிறது. போட்டு வந்த அன்றே, ஷட்டில் படாத இடத்தில் அறுந்தால், கிளாம்ப் கடித்த வடுவாகவோ பின்னும்போது வேகமாக உருவியதில் எரிந்த தடமாகவோ இருக்கும். கடைக்காரரிடம் காட்டிக் கேட்கலாம்.

அறுந்தவுடன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு: மிச்சத்தை வெட்டிவிடுவது. ஒரு பக்கம் தளர்ந்து மறுபக்கம் இழுத்துக்கொண்டிருந்தால் ஃபிரேம் அந்தச் சமனின்மையிலேயே வளையத் தொடங்கும். நடுவில் ஒரு நெடுக்கு, ஒரு குறுக்கு என்று தொடங்கி வெளிப்பக்கமாக மாற்றி மாற்றி வெட்டுங்கள். ஒரே ஓரத்திலிருந்து வரிசையாக வெட்டிக்கொண்டு போகாதீர்கள். 22 பவுண்டுக்குக் கீழே அவசரம் குறைவு. 26-க்கு மேல் என்றால் வீட்டுக்குப் போகும் வரை காத்திருக்க வேண்டாம், பையில் ஒரு சின்ன கத்தரிக்கோல் இருக்கட்டும்.

அறாத ஸ்ட்ரிங்கை எப்போது மாற்றுவது

தடிமனான ஸ்ட்ரிங் போட்டு, குறைந்த டென்ஷனில் ஆடுபவருக்கு ஸ்ட்ரிங் ஒரு வருடம் கூட அறாமல் கிடக்கும். ஆனால் அதற்குள் எப்போதோ செத்திருக்கும். நடு நெடுக்கை விரலால் ஒதுக்கிப் பாருங்கள். குறுக்கு படும் இடத்தில் பள்ளம் விழுந்திருந்தால், ஒதுக்கிய ஸ்ட்ரிங் தானாகப் பழைய இடத்துக்கு வரவில்லை என்றால், மாற்ற வேண்டிய நேரம். வாரம் மூன்று நாள் ஆடுபவர் அறுந்தாலும் அறாவிட்டாலும் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

ஓசையைக் கேட்டு டென்ஷன் சொல்லும் மொபைல் செயலிகள் இருக்கின்றன. அவை காட்டும் பவுண்டை நம்பாதீர்கள், அதிர்வெண்ணை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே டென்ஷனில் 0.65 மி.மீ. ஸ்ட்ரிங் 0.70-ஐ விட 7, 8 சதவீதம் உயர்ந்து ஒலிக்கும். தடிமன் தெரியாத செயலி அதை டென்ஷன் என்று நினைத்து, 24 போட்ட ராக்கெட்டை 27, 28 என்று காட்டிவிடும். ஆனால் அதே ராக்கெட், அதே ஸ்ட்ரிங், முதல் வாரம் எடுத்த எண்ணோடு இன்றைய எண் என்று ஒப்பிட்டால் கணக்கு சரியாக வரும். அதிர்வெண் 5 சதவீதம் இறங்கினால் டென்ஷன் ஏறக்குறைய 10 சதவீதம் போய்விட்டது என்று பொருள். முதல் வாரம் 1100 காட்டியது 1045-க்கு வந்திருந்தால், 24 இப்போது 21.6. அதற்குக் கீழே போனால் மாற்றிவிடுங்கள்.

வெயிலில் நிறுத்திய காருக்குள் ராக்கெட்டை விட்டுப் போவது ஸ்ட்ரிங்கின் ஆயுளைப் பாதியாக்கும் வேலை. நைலான் சூட்டில் நெகிழ்ந்து நீளும், ஆறிய பிறகு பழைய டென்ஷன் திரும்பாது. பைக்கின் பக்கவாட்டில் உறையில்லாமல் மாட்டிக்கொண்டு வருவதும் அப்படித்தான். மழைக்காலத்தில் நைலான் ஈரத்தை இழுத்துக் கொஞ்சம் தளரும். ஆடி முடித்ததும் வியர்வை பட்ட ஸ்ட்ரிங்கைத் துணியால் துடைத்து, ஈரத் துண்டோடும் ஜெர்சியோடும் சேர்க்காமல் பையின் தனி அறையில் வையுங்கள்.

இரண்டு ராக்கெட் வைத்திருப்பவர்கள் இரண்டுக்கும் ஒரே நாளில், ஒரே ஸ்ட்ரிங்கை, ஒரே டென்ஷனில் போட்டு, ஆடும்போது மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். ஒன்றையே ஆடிவிட்டு மற்றதை அவசரத்துக்கு என்று வைத்தால், கேம் பாயின்ட்டில் ஸ்ட்ரிங் அறுந்து கையில் எடுக்கும் ராக்கெட் 2 பவுண்டு டைட்டாக இருக்கும். முதல் கிளியரே பாதியில் விழும்.